தட்டிப் பார்த்த தரை

டைல்ஸ் பதிக்கிறவர்கள் மத்தியில் அவருக்கு டொக்கு மேஸ்திரி என்று பெயர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் ஒரு கையில் டம்ளரை வாங்கிக்கொண்டு, மறு கையால் ஸ்க்ரூடிரைவர் பிடியை வைத்துத் தரையைத் தட்ட ஆரம்பித்துவிடுவார். அடியில் கலவை நிரம்பியிருந்தால் சத்தம் கனமாக வரும். எவனாவது சோம்பேறி நாலு மூலையில் மட்டும் அப்பிவிட்டுப் போயிருந்தால் டொக் டொக்கென்று காலியாகக் கேட்கும். அந்தக் காலிச் சத்தம் காதில் விழுந்தால் போதும், மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிடும். அடுத்தவன் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதைவிட ருசியான சமாச்சாரம் அவருக்கு உலகத்தில் வேறு இல்லை.

இப்படிப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு சொந்த வீடு பார்க்கக் கிளம்பினாள் அவர் மனைவி. அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது.

இருவரும் குடியிருந்தது ஓர் அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில். ஹால், ஓர் அறை, ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே வர வேண்டிய சமையலறை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது ஓனரின் சட்டம். அதனால் கல்யாணப் போட்டோ வந்த நாளிலிருந்து ஃபிரிட்ஜ் மேலேயே சாய்ந்து நின்றது. யாராவது கதவை வேகமாகச் சாத்தினால் மாப்பிள்ளையும் பெண்ணும் குப்புற விழுவார்கள். சட்டைக் கம்பெனியில் காலர் தைத்துக் கழுத்தெலும்பு தேய்ந்துபோன அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான். தன் சுவரில் தன் கையால் ஓர் ஆணி அடிக்க வேண்டும். முன்பணம் கட்டுகிற அளவுக்குச் சேர்த்தும் வைத்திருந்தார்கள். அதில் அவள் பங்குதான் அதிகம் என்பதை மேஸ்திரி யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு வீட்டில் குளியலறைத் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடுகிறது என்றார். இன்னொன்றில் படி ஒன்று மற்றதைவிட விரலளவு உயரம் என்றார். வாடகைக்கு இருந்தால் மேலே ஒழுகினாலும் ஓனர் பாடு, நாம் நிம்மதியாகத் தூங்கலாம் என்று வியாக்கியானம் வேறு. வீட்டு புரோக்கர் இவரைத் தெருவில் கண்டால் எதிர்ச்சாரிக்குத் தாவினார்.

ஆனால் வாடகை வீட்டுத் தரை விஷயத்தில் மட்டும் அந்த நிம்மதியைக் காணோம். காலடியில் டொக் டொக் கேட்டுக்கொண்டே இருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. வேலை இல்லாத ஒரு மாதத்தில் ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பழைய தரையைப் பெயர்த்தெடுத்து, சொந்தச் செலவில் புது டைல்ஸ் பதித்தார். அடுத்தவன் வீட்டுக்கு எதற்கு இவ்வளவு என்று அவள் கேட்டாள். நான் நடக்கிற தரை இது என்றார். ஓனர் வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு மேலும் கீழும் நடந்து பார்த்தார், மனதாரப் பாராட்டினார், அடுத்த மாதமே வாடகையை ஏற்றினார். வீடு புதுசு மாதிரி ஆகிவிட்டதாம்.

அதன் பிறகுதான் அவள் அந்தச் சின்ன வீட்டைக் கண்டுபிடித்தாள். சமையலறையில் பெரிய ஜன்னல், வெளியே துணி காயப்போட இடம். உள்ளே போனதும் ஹால் சுவரில் ஓர் இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். போட்டோவுக்கு இடம் பார்க்கிறாள் என்று மேஸ்திரிக்குப் புரிந்தது. புரிந்தும்தான் குனிந்து தட்டினார். பாதித் தரை காலி. அதைத் திரும்பப் பதிக்க அவருக்கு ஒரு வாரம் போதும். அதுவும் அவருக்குத் தெரியும்.

"கொஞ்சம் செலவு பண்ணா சரியாயிடும்ல?" என்று அவள் கேட்டாள்.

வீட்டை விற்கிற அம்மாவும் புரோக்கரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஆள் இருந்தால் மேஸ்திரிக்கு நாக்கு நீளும்.

"நமக்கு எதுக்கு சொந்த வீடு? யாருக்கு விட்டுட்டுப் போகப்போறோம், புள்ளையா குட்டியா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவள் சுவரிலிருந்து கையை எடுத்தாள். அதன் பிறகு வீட்டுப் பேச்சை எடுக்கவே இல்லை. ஒரு வழியாக இவளுக்குப் புத்தி வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். அவர் புத்தி அவ்வளவுதான்.

குளிர் தொடங்கும்போது ஓனர் ஃபோன் செய்தார். வீட்டை விற்கப்போகிறாராம், ஞாயிற்றுக்கிழமை ஆள் கூட்டி வருகிறாராம். மேஸ்திரி அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பார்த்தார். வாடகையெல்லாம் எங்கேயோ ஏறிக் கிடந்தது, சொந்த வீட்டு விலையோ அதற்கும் மேலே போய்விட்டது. தரை பெயர்கிறது என்று சொல்லிவிட்டால் வருகிறவர்கள் ஓடிவிடுவார்கள் என்று மனைவியிடம் யோசனை சொன்னார். அவள் இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

வந்தது இளம் ஜோடி. அந்தப் பெண்ணுக்கு நிறைமாதம். மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு, பார்க்கத்தான் பளபளப்பு, அடியில் ஒன்றும் இல்லை என்று ஆரம்பித்தார்.

"அவர் விளையாடுறாரும்மா" என்றாள் மனைவி. "இவரே பதிச்ச தரை. கொழந்தை தவழ்றதுக்கு இதைவிட நல்ல தரை கெடைக்காது. எங்களுக்குத்தான் தவழ ஆளில்ல."

பிறகு அவர் பக்கம் திரும்பி, ஸ்க்ரூடிரைவரை நீட்டினாள்.

"தட்டிக் காட்டுங்க."

ஓனர் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி மண்டி போட்டார். வாசலிலிருந்து தட்டத் தொடங்கினார். ஒவ்வொன்றும் கனமாகப் பேசியது. ஒரே ஒரு டைல், ஒரே ஒரு மூலை ஏமாற்றியிருந்தால் கூடப் போதும். அவர் கைவேலை ஏமாற்றவில்லை. ஜன்னலோரம் வரை தட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கயும் காலி இல்ல" என்றார். அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது, பாவி மனுஷனுக்கு.

மனைவி அந்தப் பெண்ணைக் கைபிடித்து ஹால் சுவரிடம் கூட்டிப்போனாள். போட்டோ மாட்ட இது நல்ல இடம் என்று காட்டினாள். "தாராளமா ஆணி அடிச்சுக்கம்மா. உன் செவுருதானே."

மாடிப்படியிலேயே விலை பேசி முடிந்துவிட்டது. கீழே மூன்று பேரும் சிரிக்கிற சத்தம் மேலே கேட்டது. மேஸ்திரி இன்னும் தரையில்தான் இருந்தார். இனி எங்கே போவது என்று அவளைக் கேட்டார்.

"வேற வாடகை வீட்டுக்கு" என்றாள். "நமக்கு எதுக்குங்க சொந்த வீடு? புள்ளையா குட்டியா?"

ஃபிரிட்ஜ் மேலிருந்து போட்டோவை எடுத்து, பழைய துண்டில் சுற்ற ஆரம்பித்தாள்.