குணலட்சுமி மச்சாளைப் பார்க்கப் போனாள்

கொக்குவில் குணலட்சுமிக்கு வயது அறுபத்தொன்று. வாய்க்கு இன்னும் பதினாறு. ஊரில் யார் நோயென்று படுத்தாலும் முதல் ஆளாக விசுக்கோத்துப் பெட்டியோடு போய் நிற்பாள். நல்ல மனசு, அதில் பழுது சொல்ல முடியாது. ஆனால் கட்டிலில் கிடப்பவர் "நெஞ்சுக்குள்ளை ஒரு மாதிரி..." என்று தொடங்கினால் போதும், "உது என்ன, எனக்குப் பித்தப்பையிலை கல்லு வந்து பட்ட பாடு தெரியுமோ?" என்று பிடித்துக்கொள்வாள். நாலு வருடத்துக்கு முந்திய கல் அது. சொல்லச் சொல்ல வளர்ந்து இப்போது தேசிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. கடைசியில் நோயாளிதான் அவளுக்கு ஆறுதல் சொல்லி அனுப்புவார்.

இம்முறை படுத்தது தங்கமுத்து மச்சாள், கணவன் சோமசேகரத்தின் அக்கா. தாயில்லாமல் வந்த குணலட்சுமிக்கு மூன்று பிள்ளைப்பேறும் பார்த்தவள். தெல்லிப்பழை வீட்டுக் கிணற்றடியில் விழுந்து கால் உடைந்தது. எலும்பு பொருந்தி, டொக்ரர் நடக்கச் சொல்லி ஒரு மாதம். இப்படியே கிடந்தால் பிறகு நடக்கவே முடியாது என்றும் சொல்லிவிட்டார். மச்சாளோ கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள்.

சனிக்கிழமை காலை மூன்றாம் முறையாகக் குணலட்சுமி புறப்பட்டபோது சோமசேகரம் பேப்பருக்குள்ளிருந்து தலையைத் தூக்கினார்.

"நீர் வருத்தம் பாக்கப் போறீரோ, உம்மடை வருத்தத்தைக் காட்டப் போறீரோ? நீர் வந்துபோனாப் பிறகு அக்கா இன்னும் சோர்ந்து போறாவாம். அக்காவின்ரை மருமேள் சாருஜா சொன்னவள்."

சுருக்கென்றது. ரயிலில் கோண்டாவில் வரைக்கும் கோபம், இணுவிலில் கண்ணீர். சுன்னாகம் தாண்டும்போதுதான் அது உறைத்தது: இரண்டு தடவை போயும், விழுந்த அன்று என்ன நடந்ததென்று மச்சாளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

போனதும் கட்டிலோரம் இருந்துகொண்டு கேட்டாள்: "மச்சாள், அண்டைக்கு என்ன நடந்தது?"

தங்கமுத்து சந்தேகத்தோடு பார்த்தாள். "விடிய எழும்பேக்கையே தலை சுத்தினது..."

தலைசுற்று! குணலட்சுமியின் கல் தொண்டைவரை வந்துவிட்டது. கையில் இருந்த பெட்டியை உடைத்து ஒரு விசுக்கோத்தை வாயில் போட்டு அடைத்தாள். மச்சாள் பாசி பிடித்த படியைச் சொன்னாள், இன்னொரு விசுக்கோத்து. எலும்பு முறிந்த சத்தத்தைச் சொன்னாள்; இரண்டு சேர்த்து. நோயாளிக்குக் கொண்டுவந்த பெட்டி பாதியாகிவிட்டது. கதை மட்டும் நிற்கவில்லை.

"விழுந்தது பெரிசில்லை, குணம். ஒரு மணித்தியாலம் கத்தினனான். என்ரை மேன் வேலைக்கு, சாருஜா பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க. பக்கத்து வீட்டிலை றேடியோ. ஒருத்தருக்கும் கேக்கேல்லை. திரும்ப விழுந்தா ஆருக்குக் கேக்கப் போகுது?" விசுக்கோத்துப் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்: "பாக்க வந்த சனத்துக்கும் கேக்கேல்லை."

இப்போது குணலட்சுமியின் வாயில் விசுக்கோத்து இல்லை. இருந்தும் பித்தப்பைக் கல்லின் நினைவே வரவில்லை. அந்தச் சனத்தில் முதல் ஆள் தான்தான் என்று மனம் கிடந்து அடித்தது. மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேறை?" என்றாள்.

வேறு எவ்வளவோ இருந்தது. மத்தியானச் சாப்பாடு ஆறும்வரை மச்சாள் கதைத்தாள். நடுவில் இரண்டு தரம் சிரித்தாள். பின்னேரத் தேத்தண்ணீர் குடித்து முடித்ததும் யாரும் கேளாமலே காலைக் கீழே வைத்தாள்.

"கிணத்தடி மட்டும் என்னோடை வாறியே?"

நூற்றிருபது அடி தூரத்துக்கு அரைமணி நேரம் பிடித்தது. தங்கமுத்து கிணற்றுக்கட்டைப் பிடித்து நிமிர்ந்து நின்றாள். மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து, "குணம்!" என்று ஒரு கத்துக் கத்தினாள். சாருஜா அகப்பையும் கையுமாக ஓடிவந்தாள். மதிலுக்கு மேலால் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

கையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்ற குணலட்சுமிக்குக் காது அடைத்தே போய்விட்டது.

"ஓம் மச்சாள்," என்றாள். "கேக்குது."