ஒதுங்கி நின்றவர் திரும்பி வந்தார்

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். ஆஸ்பத்திரியில் கேட்டது வாசலைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லித் தருவது. போன குற்றால சீசனில், இந்தக் கதைக்கு உரிய பெண்ணே, “எழுதுங்கக்கா, பேரை மட்டும் மாத்திருங்க” என்றாள். இலஞ்சிக் கோயில் குமரனைக் கும்பிட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன். நான் எட்டாவது வரை படித்தவள். தென்காசியில் ஒரு மனநல ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராக இருந்தேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இது.

1. அம்மா என்று கூப்பிட்டவள்

அவளைச் செல்வி என்று வைத்துக்கொள்வோம். புருஷன் மாடசாமி குற்றாலத்தில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். அவர் வீட்டுக்கு வரக் கொஞ்சம் பிந்தினாலும் தன்னை விட்டுப் போய்விட்டார் என்று அவளுக்குத் தோன்றிவிடும். வந்ததும் சண்டை, சாமான் உடையும். அப்புறம் அவர் காலைப் பிடித்து அழுவாள். அப்படி ஒரு சண்டைக்குப் பிறகுதான் அவளைக் கையில் கட்டோடு எங்களிடம் சேர்த்தார்கள்.

சேர்ந்த இரண்டாம் நாளே, “நீங்கதான் எனக்கு அம்மா. அந்த நர்ஸுக்கு என்னைக் கண்டாலே ஆகல” என்றாள். எனக்கு மனசு உருகிவிட்டது. நேராகப் போய் நர்ஸ் ராணியிடம் சத்தம் போட்டேன். ராணி ஊசி மருந்தை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

“ஒங்கள அம்மான்னாளாக்கும்? நேத்து ராத்திரி வரைக்கும் நான்தான் அம்மா.”

மறுநாள் நான் பக்கத்துக் கட்டிலைக் கவனிக்கப் போனதும், “நீயும் நடிக்கத்தான செய்யுத” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினார். இதற்கு பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர் என்று பேர். இது நடிப்பும் இல்லை, திமிரும் இல்லை. வெளியே போனவர் திரும்பி வருவார் என்று நம் மனசு தானாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அவளுக்கு அந்தப் பிடி நிற்பதில்லை. அதனால் ஸ்டாஃப் எல்லோரும் ஒரே பேச்சுப் பேச வேண்டும். வருகிறேன் என்று சொன்னால் வந்தே ஆக வேண்டும். மாத்திரையை விட, வாராவாரம் பேசிப் பழக்கும் தெரபிதான் முக்கியம். இத்தனை வருஷம் மனுஷர்களோடு வாழ்ந்தும் மனசுக்குள் இப்படி ஒரு பிடி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

2. டீக்கடை வரை

டிஸ்சார்ஜுக்குப் பிறகு சில மாதம் தெரபிக்கு வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் மாடசாமியும் கூட வந்து உட்கார்ந்தார்.

“என்னால முடியல மேடம். சுரண்டையில அவ அம்ம வீட்டுல விட்டுருதேன்.”

நான் கதவோரம் நின்றிருந்தேன். எதையாவது தூக்கி எறியப் போகிறாள் என்று மேஜைமேல் இருந்த கண்ணாடி டம்ளரை நகர்த்தினேன். செல்வி நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடியே மெதுவாக மூச்சை இழுத்து விட்டாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“அருவியில தண்ணி கூடி போலீஸ் விசில் ஊதினா ஒதுங்கி நிப்பிய. வடிஞ்சதும் திரும்பிப் போவியள்லா? என்கிட்டயும் அப்பிடி இருங்க. ஒதுங்கிக்கிடுங்க. ஒரேயடியாப் போயிராதிய.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மாடசாமி அவள் பக்கம் திரும்பினார்.

“எவ்வளவு நேரம் ஒதுங்கணும்?”

“ஒரு டீ குடிக்க நேரம். வாரேன்னு சொல்லிட்டுப் போங்க.”

அவர் எழுந்தார். “டீ குடிச்சிட்டு வாரேன்” என்று சொல்லி வெளியே போனார்.

செல்வி கதவையே பார்த்தாள். பக்கத்தில் போய் நின்ற என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் என் விரல்கள் வெளுத்துவிட்டன. கத்தவில்லை. வாழ்நாள் முழுக்க முடியாத ஒன்றை அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தாள். சூரசம்ஹாரம் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்று நான் பார்த்தது அதைவிடப் பெரிய போர்.

கதவு திறந்தது. மாடசாமி கையில் பார்சல் டீயோடு நின்றார். “ஒனக்கும் வாங்கினேன்” என்றார்.

இப்போதும் அவர்கள் வீட்டில் சண்டை வருகிறது. அவர் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போகிறார், திரும்பி வருகிறார். நான் கற்றது இதுதான்: அன்பாகப் பேசுவது சுலபம், சொன்னபடி திரும்பி வருவதில்தான் வைத்தியம் இருக்கிறது.

இதை யாரிடமாவது சொல்வதானால் நடந்தபடியே சொல்லுங்கள். பேய் பிடித்திருந்தது என்று சேர்க்காதீர்கள். என் குமரன் ஒரே நாளில் குணமாக்கினான் என்றும் சேர்க்க வேண்டாம். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். ஒருவர் டீக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். அதுவரை ஒருத்தி கத்தாமல் காத்திருந்தாள்.