அவங்க பேரைச் சொல்லாதீங்க!

கீழ்ப் போர்ஷனில் தறி ஓடும் சத்தம்தான் எனக்கு அலாரம். போன வாரம் ஒரு நாள் அது அடிக்கவில்லை.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். நெய்கிற ஏகாம்பரம் சுருண்டு கிடந்தார். கொதிக்கிற காய்ச்சல். கெண்டைக்காலைத் தொட்டாலே கத்துகிறார். கண்ணைத் திறந்தார் பாருங்கள்... சிவப்பும் மஞ்சளுமாக... அப்பா!

"மஞ்சக் காமாலைக்கா. கீழாநெல்லி அரைச்சுக் குடுத்துக்கினு இருக்கேன்" என்றாள் அவர் மனைவி செல்வி.

"அரைச்சது போதும், ஆட்டோவைக் கூப்பிடு!" என்றேன்.

அவர்களுடையது குழித்தறி. தரையில் பள்ளம், அதற்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்க வேண்டும். இந்த மழைக்குப் பள்ளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஊறியிருந்தது. கல்யாணப் புடவை, அவசரம். மனிதர் வெடித்த குதிகாலோடு அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்து நெய்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் எடுத்த எடுப்பில் கேட்டார்: "வீட்டுல எலி இருக்காம்மா?"

"ஐயோ, இல்லீங்க!" என்றாள் செல்வி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லையா? பள்ளத்துக்குள் குடுகுடுவென்று ஓடுவது மாடியில் இருக்கும் எனக்கே கேட்குமே! தறியில் நீளவாக்கில் கட்டுகிற பட்டுப் பாவு நூலுக்குப் போடும் கஞ்சி வாசனைக்கு வருகிற கூட்டம் அது.

செல்வி என் கையைக் கிள்ளினாள். "சொல்லாதக்கா. பாதிப் புடவை தறியில இருக்குது. பேரைச் சொன்னா அவங்க காதுல விழுந்துடும். ரோஷத்துல பாவைக் கடிச்சு வெச்சுடுவாங்க."

சிரிக்காதீர்கள். எலி மருந்து வாங்கி வரச் சொல்லும்போது நாமும் ஜாடைதானே காட்டுகிறோம்? ஆனால் ஆஸ்பத்திரியிலுமா! அவள் பார்வை கட்டிலுக்கு அடியில் போய் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன் — நானும் குனிந்து பார்த்தேன்.

"யூரின் போறாரா?"

"நேத்துலேர்ந்து போகலை."

டாக்டர் முகம் மாறிவிட்டது. "எலிக்காய்ச்சல்னு நெனைக்கிறேன், கிட்னியைப் பிடிச்சிருக்கும் போல. மறைக்காம சொல்லுங்கம்மா. எலி கடிக்கவே வேணாம். அது மூத்திரம் கலந்த தண்ணியில கால் வெச்சாப் போதும், வெடிப்பு வழியா கிருமி உள்ள போயிடும். விட்டா ஆளையே கொண்டுபோயிடும்."

செல்வி புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு —

"இருக்குது! எலி இருக்குது டாக்டரம்மா! தறிக்குழி முழுக்க எலிதான்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் மருந்தை ஏற்றினார்கள். மனிதர் பிழைத்துக்கொண்டார். நேற்று இட்லி கேட்டாராம்!

ஆஸ்பத்திரியில் இருக்கும் செல்விக்கு மாற்றுத் துணி எடுத்துப் போக அவர்கள் வீட்டுக்குள் போனபோது தறியையும் பார்த்தேன். பாவில் ஓர் இழைகூட அறுபடவில்லை. கீழே அந்தத் தண்ணீர்... அசையாமல், தெளிவாக, ஒரு தூசு இல்லாமல். பார்த்தால் அள்ளிக் குடிக்கலாம் போலிருந்தது. இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

ஒரு வேண்டுகோள்: இந்தப் பத்தியை வீட்டில் சத்தமாகப் படியுங்கள். அவங்க காதில் விழுந்தால் விழட்டும்!