இரண்டு பேர் பார்க்க வேண்டிய காளான்

எங்கள் மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவரை ஆவியக்கா என்றுதான் கூப்பிடுவோம். நீராவி இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் இருபத்தாறு வருடம் நின்றவர் என்பதால் வந்த பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் நாள் அதைக் கேட்டுக் கொஞ்சம் மிரளுவார்கள். ஆளைப் பார்த்ததும் தெளிந்துவிடும். குள்ளமான உருவம், மூக்கு நுனியில் நிற்கும் கண்ணாடி. படுக்கை விரிப்பில் கடுகளவு கறை இருந்தாலும் மறுபடி சலவைக்கே திருப்பி அனுப்பிவிடுவார். நான் அவருக்கு எதிர் மேசையில் துணி மடிப்பவள்.

அக்காவுக்குக் காட்டுக் காளான் தெரியும். மழைக்காலத்தில் வார விடுமுறைதோறும் அவரும், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அவர் கணவரும் கடைசி நிறுத்தம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து காட்டுக்குள் நடப்பார்கள். கல்யாணமான புதிதில் நூலகத்தில் எடுத்த தடித்த புத்தகம் ஒன்றில் தொடங்கிய பழக்கம். அப்புறம் ஒரு தாவரவியல் ஆசிரியரோடு நாலு மழைக்காலம் சுற்றிய பிறகுதான் தாங்களாகப் பறிக்கத் துணிந்தார்களாம்.

அவர்கள் தேடியது ஒரே ஒரு வகையைத்தான். முட்டைக் கருவின் மஞ்சள், புனல் போல விரிந்த வாய். குடைக்கு அடியில் தனித்தனி இதழ்கள் இருக்காது. மெழுகு வழிந்து இறுகியது போல மழுங்கிய வரிகள் தண்டு வரை இறங்கியிருக்கும். கிழித்தால் உள்ளே வெளுத்திருக்கும், முகர்ந்தால் பழ வாசனை. இதைப் போலவே இன்னொன்று உண்டு, அது நஞ்சு. அதற்குப் புத்தகத் தாள் போல மெல்லிய இதழ்கள், உள்ளேயும் ஆரஞ்சு. அது மரத்தில் முளைக்கும், நல்லது மண்ணில். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதெல்லாம் காளானிடம் செல்லாது. ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தாக வேண்டும்.

அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பறித்ததை இரண்டு பேரும் பார்க்க வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஏன் என்று கேட்கக் கூடாது. ஒரு தடவை மெக்கானிக் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொட்ட, அக்காவுக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. என்னவென்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. வேண்டாம் என்றார். மெக்கானிக் அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்துவிட்டு இரண்டு நாள் ரேடியோவோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், "நீ சொன்னது சரியா தப்பான்னு இனிமே தெரியப்போறதில்ல. போகட்டும், நாம உயிரோட இருக்கோம்" என்றாராம்.

அந்த மனிதர் ஒரு நாள் பணிமனையில் மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போனவர், குழாயடியிலேயே சரிந்தார். மாரடைப்பு. ஒரே மகள் கடல் தாண்டி இருந்தாள். வந்தாள், பதினாறு நாள் இருந்தாள், போனாள்.

இரண்டு மழைக்காலம் அக்கா காட்டுப் பக்கமே போகவில்லை. மூன்றாவது வருடம் ஏனோ பஸ் ஏறினார். ஒரு சரிவில் மஞ்சளாகத் தெரிந்தது. பக்கத்தில் மரம் இல்லை, மண்ணில்தான் நின்றது. சந்தோஷத்தில் பை நிறையப் பறித்துவிட்டார். வீட்டில் மேசை மேல் காகிதம் விரித்து, ஒன்றை எடுத்துக் கிழித்தார். உள்ளே ஆரஞ்சு. அடியில் தாள் தாளாக இதழ்கள். மண்ணுக்குள் மக்கிக் கிடந்த ஏதோ ஒரு வேரிலிருந்து முளைத்திருக்க வேண்டும்.

"இதழைப் பாக்காம பறிச்சிருக்கேன்," என்று மறுநாள் என்னிடம் சொன்னார். "அவர் இருந்திருந்தா அங்கேயே கைய தட்டிவிட்டிருப்பாரு. எனக்கு அது நல்லதா இருக்கணும்னு இருந்துச்சு. கண்ணு அதைத்தான் பாத்துச்சு."

அடுத்த வாரம் மறுபடி போனார். இந்த முறை ஒவ்வொன்றையும் பறித்த இடத்திலேயே திருப்பி, கிழித்து, முகர்ந்து பார்த்து எடுத்தார். எல்லாம் நல்லவை. ஆனால் பார்க்க இரண்டாவது ஆள் இல்லை. மறுநாள் ஒரு காகிதப் பையில் போட்டுச் சலவைப் பிரிவுக்குக் கொண்டுவந்து, பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். மேற்பார்வையாளர் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தனக்குக் காளானைக் கடையில் டப்பாவில் பார்த்துத்தான் பழக்கம் என்று சிரித்தார். நான், எங்க வீட்டுக்காரருக்கு ஒத்துக்காதுக்கா என்றேன். அது பொய். அக்கா பையின் வாயை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு இயந்திரத்தைப் போட்டார்.

சாயங்காலம் மகள் போனில் வந்தபோது கேமராவுக்கு முன் ஒன்றைப் பிடித்துக் காட்டியிருக்கிறார். சின்ன வயதில் காட்டில் அட்டை கடித்ததைத்தான் மகள் நினைவுபடுத்தினாள்.

"அம்மா, உனக்கு ஏதாவது ஆனா நான் அங்க வந்து சேர ரெண்டு நாள் ஆகும். தயவுசெஞ்சு தூக்கிப் போட்டுடு."

அக்கா தூக்கிப் போட்டார்.

அதற்கடுத்த வாரம் அவர் போகமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். போனார். கைப்பிடியளவு எடுத்து மதியத்துக்கு முன்பே திரும்பிவிட்டார். எல்லாவற்றையும் மூன்று முறை பார்த்தார். இரண்டைச் சமைக்காமல் காகிதத்தில் சுற்றி, மேலே தேதி எழுதிக் குளிர்பெட்டியில் வைத்தார். ஒன்று கிடக்க ஒன்று ஆனால் மருத்துவர் பார்க்க வேண்டுமே. பிறகு மாடி ஏறிப் போய், பள்ளி வேன் ஓட்டும் பெண்ணின் கதவைத் தட்டினார். மூன்று வருடமாக ஒரே கட்டடத்தில் இருந்தும் தண்ணீர் வந்ததா, வரவில்லையா என்பதைத் தாண்டி அவர்கள் பேசியதில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் அக்காவை ஏற இறங்கப் பார்த்திருக்கிறாள்.

"சந்தேகம்னா எதுக்குக்கா சாப்பிடுறீங்க?"

"சந்தேகம் இல்லம்மா. ஆனா ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும். நான் என்ன தின்னேன்னு."

வேன்காரப் பெண், தான் காலை ஆறு மணிக்கு வண்டி எடுப்பதாகவும், அதற்கு முன்னால் வந்து தட்டுவதாகவும் சொன்னாள். நடுவில் வயிற்றைப் புரட்டினால் உடனே கூப்பிடச் சொல்லித் தன் எண்ணையும் கொடுத்தாள்.

அக்கா வெண்ணெயில் வதக்கினார். நன்றாக வேகவிட்டார். ஒரு தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு பாத்திரம் கழுவினார், துணி துவைத்தார், இடையிடையே நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை.

காலையில் ஆறுக்கு ஐந்து நிமிடம் முன்பு கதவு தட்டப்பட்டது.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"வயிறு?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்ப சரி. எப்படி இருந்துச்சு?"

அக்கா ருசியை நினைத்துப் பார்த்தார். முதல் வாயிலிருந்து கடைசி வாய் வரை நாக்கு மரத்துப்போகிறதா, தொண்டை எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார். உப்பு போட்டோமா என்பதுகூட நினைவில்லை.

"கவனிக்கலம்மா," என்றார்.

பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று அவள் படி இறங்கிவிட்டாள்.

அன்று விரிப்புகளை இயந்திரத்துக்குள் விட்டுக்கொண்டே அக்கா இதையெல்லாம் என்னிடம் சொன்னார். கடைசியில், "முப்பது வருஷம் தின்னிருக்கேன். அது என்ன ருசின்னு கேட்டா இப்ப சொல்லத் தெரியல" என்றார். அடுத்த வாரம் கொண்டுவந்தால் எனக்கும் ரெண்டு கொடுங்கக்கா என்று சொல்ல வாய் வரை வந்தது. எதிரிலிருந்து அவர் அடுத்த கட்டுத் துணியை என் பக்கம் தள்ளினார். நான் மடிக்க ஆரம்பித்தேன்.

அந்த வருடம் மழை அந்த வாரத்தோடு நின்றுவிட்டது.