நிழலைச் சுற்றிய வெளிச்சம்

திருச்செங்கோட்டுப் பக்கம் ஐந்தாறு ஊர்களுக்கு சத்யபிரியாதான் ட்ரோனில் மருந்தடிக்கிறாள். வாழ வந்த ஊரில் முதலில் கேலி பேசினார்கள். இப்போது பயிரில் புழு விழுந்தால் போன் அவளுக்குத்தான் வருகிறது. வாய் கொஞ்சம் துடுக்கு. ஆனால் வேலையில் ஏமாற்று கிடையாது.

போன மாசியில் ஒருநாள் காலை, மருந்தடிக்கும் முன் ட்ரோனை உயரே நிறுத்திவிட்டு யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். காட்டுக்காரர் நாச்சிமுத்து ரிமோட் திரையை எட்டிப் பார்த்தார். அவருடைய மரவள்ளிக்கு நடுவே ஒரு கரும்புள்ளி, அதைச் சுற்றி வட்டமாக வெளிச்சம். மனுஷன் அப்போதே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேராகப் போய் அந்த இடத்தில் சூடம் கொளுத்தினார், போர் போடும் ரிக் வண்டிக்குச் சொல்லிவிட்டார். நீரோட்டம் பார்க்கிறவர் கையில் தேங்காய் நிமிர்ந்த இடம் பார்த்துப் போட்ட இரண்டு போரிலும் புழுதிதான் வந்திருந்தது. இதுவும் பொய்த்தால் காட்டை விற்றுவிட்டுத் திருப்பூரில் மகனோடு போய் இருப்பதென்று முடிவு; மனைவிக்கு மட்டும் அது தெரியாது.

மறுநாள் காலை பக்கத்துக் காட்டுக்கு வந்த சத்யபிரியா வரப்பைத் தாண்டி ஓடி வந்தாள். மரவள்ளியை வெட்டி ஒதுக்கிய இடத்தில் ரிக் நிற்கிறது. கம்ப்ரசர் உறுமத் தொடங்கிவிட்டது.

"ஏனுங் மாமா, இங்க எதுக்குங்க?"

"நீ காட்டுன எடந்தான் சாமி. வட்டமா மின்னுச்சே, ஊத்துக்கண்ணு."

"ஐயோ, அது ட்ரோனு நெழலுங்க!"

"நெழலு கருப்பாத்தான இருக்கும்? சுத்தி எப்புடி வெளிச்சம் வரும்?"

சூரியன் ட்ரோனுக்கு நேர் முதுகில் இருந்தால் இலைகளின் நிழல் இலைகளுக்கு அடியிலேயே மறைந்துவிடும், அதனால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும் என்று கத்திச் சொன்னாள். சத்தத்தில் பாதிதான் கேட்டது. கேட்ட பாதியும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"பூசை போட்டாச்சு சாமி" என்று ரிக் வண்டிக்காரரைப் பார்த்துக் கையசைத்தார்.

அவளுக்குக் கோபம், போர் பொய்த்தால் பழி தன் மேல் விழுமே என்று கோபத்தைவிடப் பயம். ட்ரோனை எழுப்பினாள். திரையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். வெளிச்சம் வரப்பைத் தாண்டிப் பக்கத்துச் சோளத்துக்குப் போனது.

"பாருங்க, ட்ரோனு கூடவே வருது."

"தண்ணி ஓடத்தான செய்யும்" என்றார்.

போன வருஷம் பொய்த்த போரின் மேல் நிழல் விழும்படி ட்ரோனைக் கொண்டுபோய் நிறுத்தினாள். மூடி போட்ட குழாயைச் சுற்றி அதே வட்டம், அதே மினுக்கம்.

நாச்சிமுத்து திரையையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார். கம்ப்ரசர் அடங்கியது. திட்டுவார் என்று நினைத்தாள், திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"செரி, அப்பத் தண்ணி எங்க இருக்குதுன்னு நீயே சொல்லிரு சாமி."

"எனக்குத் தெரியாதுங் மாமா."

தலையாட்டிவிட்டு மகனுக்குப் போன் போட்டார்.

"தங்கமுத்து, நாங்க அங்கயே வந்தர்றம் கண்ணு. அம்மாகிட்ட மட்டும் நாஞ் சொல்லிக்கறன்."