பதினாலு வயது மாப்பிள்ளை

குடும்ப வரலாறு தேடுகிறேன் என்று பழைய கல்யாணச் சீட்டோடு என்னிடம் வருகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்துச் சீட்டில் உள்ள வயதை நம்பித் தொலைக்காதீர்கள். பதினெட்டு என்றிருந்தால், சட்டப்படி சரிதானே என்கிறார்கள். என்ன சட்டம்? அது எத்தனையோ வருஷம் கழித்து வந்தது. அப்போது எங்கள் கோயில் கல்யாணங்களில் வயதுக் கணக்கை யாரும் கேட்டதில்லை.

நான் அப்போது காஜா பெராங் என்ற ஊரில் ஒரு கோயிலில் கிராணியாக எழுத்து வேலை பார்த்தேன். கல்யாணச் சீட்டு எழுதி முத்திரை குத்துவேன். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் கட்டாயமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணமானவனை விட்டுவிடுகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட, ஜனங்கள் முகூர்த்தம்கூடப் பார்க்காமல் தாலி கட்டினார்கள்.

பக்கத்து ஊரான புக்கிட் பாருவிலிருந்து அஞ்சலை வந்தாள். புருஷனை இழந்தவள். ஒரே மகன் மணியத்துக்குப் பதினாலு வயது, மீசைகூட அரும்பவில்லை. பெண் அவளுடைய அண்ணன் மகள் லெட்சுமி, பன்னிரண்டு வயது. தங்கத்துக்கு எங்கே போவது? மஞ்சள் கிழங்கைத்தான் கட்டினார்கள். நான் வயதை உள்ளபடி எழுதப்போனேன். அஞ்சலை தடுத்தாள்.

"இருபதுன்னு போடுங்க தம்பி. பொண்ணுக்குப் பதினெட்டு. இல்லாட்டி பொம்மைக் கல்யாணம்னு நெனைச்சிருவான்."

பெற்றவர்கள் சொல்லும் வயதை எழுதுவதுதான் வழக்கம். எழுதினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் லாரி வந்து நின்றது. பூசைக்கு வந்த ஆண்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஜப்பான்காரனோடு வந்த நம்மாள் ஒருவன் மணியத்தை ஏற இறங்கப் பார்த்தான். சின்னப் பையன் என்று ஒதுக்கிவிட்டான். அத்தோடு போயிருக்கும். அஞ்சலைக்குத்தான் மனசு கேட்கவில்லை. நாளைக்கு வந்து பிடித்துவிட்டால்? மடியிலிருந்த சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"கல்யாணம் ஆனவங்கய்யா. பாருங்க."

அவன் வாங்கி வயதை மட்டும் படித்தான்.

"இருபதா? ஏறுடா லாரியில."

பதினாலுதான் என்று அவன் காலில் விழுந்து கதறினாள். நானும் போய்ச் சொன்னேன். முத்திரை குத்திய சீட்டு அவன் கையில் இருக்கிறது, எங்கள் பேச்சு எடுபடுமா? மணியம் திரும்பி வரவேயில்லை. பாவி மனசு, இன்றைக்கும் ஆறவில்லை.

லெட்சுமிக்குப் பிறகு வேறு இடத்தில் வாழ்க்கை அமைந்தது. அவள் மகள் அண்மையில் அந்தச் சீட்டின் பெண் வீட்டுப் பிரதியோடு வந்தாள். அம்மாவின் பிறப்புப் பதிவு எங்கே தேடியும் கிடைக்கவில்லையாம். ஆறு வருஷம் தள்ளித் தேடச் சொன்னேன். கிடைத்துவிட்டது.

அதனால் சொல்கிறேன். சீட்டில் வயதைப் பார்த்தால், யாருக்குப் பயந்து அதை எழுதினார்கள் என்று முதலில் கேளுங்கள். மணியத்தின் வயதையும் திருத்தி எழுதிக்கொள்ளச் சொல்லித்தான் அந்தப் பெண்ணை அனுப்பினேன். அஞ்சலை சாகிறவரை, லாரி சத்தம் கேட்டால் தெருவுக்கு வந்துவிடுவாள். யார் எதிரே வந்தாலும் நிறுத்திச் சொல்வாள்:

"பதினாலுதாங்க."