கூட வந்தவர்

என் அம்மாவை, வீட்டு வேலைக்குக் கூட வந்தவர் என்று சொன்னேன்.

சொன்ன இடம் சென்னையில் ஒரு ஐந்து நட்சத்திர ஓட்டலின் வரவேற்புக் கூடம். கேட்டவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருத்திக்கு மட்டும் நான் சொல்வது பொய் என்று தெரியும். அவளுடைய வேலைதான் போயிற்று.

இதை இவ்வளவு வரிசையாகச் சொல்கிறேனே என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது... நான் மென்பொருள் சோதனை செய்பவள். எங்கே எது உடையும் என்று தேடி வரிசைப்படுத்துவது என் பிழைப்பு. உடைத்தவள் நானே என்றாலும் மனம் பழக்கத்தில் வரிசை போடுகிறது.

எங்கள் நிறுவனத்துக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அடிக்கடி வருவார்கள். அவர்களைத் தங்கவைக்க ஒரே ஓட்டலோடு ஒப்பந்தம் போடலாம் என்று முடிவானது. பலவற்றைக் கழித்து இரண்டு மிஞ்சின. ஒன்று கடற்கரையோரம். இன்னொன்று நகரின் நடுவில். இரண்டிலும் தங்கிப் பார்த்து எது மேல் என்று சொல்லும் பொறுப்பை மேலாளர் என்னிடம் கொடுத்தார். "உனக்குத்தான் குறை கண்டுபிடிக்க வரும்" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஓட்டலை எப்படிச் சோதிப்பது? நான் பொறிகள் வைத்தேன். கட்டிலுக்கு அடியில் கசக்கிய காகிதம். குளியலறைக் கண்ணாடியின் மூலையில் விரலால் இழுத்த பற்பசைக் கோடு. திரைக்குப் பின்னால், சன்னல் விளிம்பில், பாதி குடித்த காப்பிக் கோப்பை. விரிப்பை வேண்டுமென்றே கசக்கிப் போட்டுவிட்டு வெளியே போவேன். திரும்பி வந்து எது மிச்சமிருக்கிறது என்று பார்ப்பேன். கடற்கரை ஓட்டலில் கோப்பையைத் தவிர எல்லாவற்றையும் கண்டுபிடித்திருந்தார்கள். அங்கே எல்லோரும் ஒரே அளவில் சிரித்தார்கள். யாரும் என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இல்லை.

இரண்டாவது ஓட்டலுக்குப் போகவேண்டிய வாரத்தில்தான் அம்மா கண்ணைக் காட்ட சென்னைக்கு வந்தாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். தியாகதுருகத்துக்கு அருகில் எங்கள் ஊர். நிலம் கிடையாது. நடவுக்கும் களையெடுப்புக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்த்தான் என்னைப் பொறியியல் படிக்கவைத்தாள். ஒரு கண்ணில் புரை விழுந்திருந்தது. நான் இருந்த பெண்கள் விடுதியில் உறவினர் தங்க அனுமதி இல்லை. ஓட்டல் அறையிலோ இரண்டு கட்டில்கள். கூட்டிக்கொண்டு போனேன்.

அலுவலகத்தில் கேட்டிருந்தால் சரி என்றிருப்பார்கள். ஓட்டலில் சொல்லியிருந்தால் பெயர் எழுதிக்கொண்டிருப்பார்கள். இரண்டு இடத்திலும் நான் வாய் திறக்கவில்லை. ஒரு நபர் என்றே பதிவு செய்து சாவியை வாங்கிக்கொண்டு, பிறகு வெளியே போய் அம்மாவை அழைத்து வந்தேன். அந்தப் பளிங்குத் தரையைப் பார்த்ததும் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். நான் கொஞ்சம் முன்னால் நடந்தேன்...

கொஞ்சம்தான். ஆனால் பார்ப்பவர்களுக்கு நாங்கள் சேர்ந்து வந்தவர்கள் என்று தோன்றாத அளவுக்கு!

இரவு மெத்தையில் உட்கார்ந்து பார்த்து, "இன்னா பாப்பா இது, சேத்துல கால வெச்ச மாரி முங்குது" என்று சிரித்தாள். தரையில் போர்வையை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

காலையில் நான் வழக்கம்போலப் பொறிகளை வைத்தேன். ஓட்டலின் விற்பனை மேலாளரோடு கீழே பேச்சுவார்த்தை இருந்தது. கிளம்பும்போது அம்மாவிடம், "ரூம் சுத்தம் பண்ண ஆள் வருவாங்க. நீ எதையும் தொடாத. அவங்க வேலைய அவங்க பாத்துப்பாங்க" என்றேன்.

"சரி, நீ போ" என்றாள்.

எத்தனை விதமாகச் சோதிக்கத் தெரிந்த எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டில் படுத்து எழுந்தால், அந்த வீட்டுக்காரி பார்ப்பதற்கு முன்னால் பாயைச் சுருட்டிவிட வேண்டும். படுத்த இடத்தைப் போட்டது போட்டபடி விட்டு வந்தால், வளர்ப்பு சரியில்லை என்பார்கள். கசங்கிய விரிப்பைப் பார்த்துக்கொண்டு என் அம்மாவால் எப்படிச் சும்மா உட்கார முடியும்?

அறையில் நடந்ததைப் பின்னால் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். சீருடை போட்ட ஒரு பெண் தள்ளுவண்டியோடு வந்திருக்கிறாள். பெயர் கோகிலா. அதற்குள் அம்மா விரிப்புகளை நான்காய் மடித்து வைத்துவிட்டாள்.

"ஐயோ, நீங்க ஏங்க மேடம் இதெல்லாம் செய்றீங்க?"

"மேடமா? எனக்கா?" அம்மாவுக்குச் சிரிப்பு. "எந்த ஊரும்மா நீ?"

"கள்ளக்குறிச்சி பக்கங்க. மேல, வெள்ளிமலை."

"அட, மலைக்காரப் பொண்ணா! நான் தியாகதுருகம். நம்மூரு புள்ள வந்து மேடம்னுகினு கீது. பெரிம்மான்னு கூப்புடு. காலைல சாப்ட்டியா?"

"ரூமெல்லாம் முடிச்சிட்டுத்தாங்க பெரிம்மா."

"அதுக்குள்ள மத்தியானம் ஆயிடும். மூஞ்சி வாடிக் கெடக்குது. ஒக்காரு."

ஊரிலிருந்து கொண்டுவந்த புளிச்சோறு பொட்டலத்தில் மீதி இருந்தது. விருந்தினர் அறையில் உட்காரக் கூடாது, பார்த்தால் திட்டுவார்கள் என்று அந்தப் பெண் மறுத்திருக்கிறாள். "எவன் பாக்கப்போறான்? எம் பொண்ணு ரூமு இது. பெரிய எடத்துல வேல பாக்குறா. உன்னப் பத்தி நல்லா எழுதச் சொல்றேன்" என்று தோளைப் பிடித்துச் சோபாவில் உட்காரவைத்திருக்கிறாள் அம்மா. அவள் சாப்பிட்டு முடிப்பதற்குள் தான் கண்ணாடியைத் துடைத்துவிடலாம் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குளியலறைக்குள் போய்விட்டாள். நான் வைத்த பற்பசைக் கோடு அம்மாவின் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. விரலால் தடவித் தடவித் தேடி அழித்தாளாம்.

என் பொறியில் யார் சிக்கியது என்று இப்போது உங்களுக்குப் புரிகிறதா?

அந்த நேரத்தில்தான் மாடிக் கண்காணிப்பாளர் உள்ளே வந்தார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

கீழே வரவேற்புக் கூடத்தில் நான் விற்பனை மேலாளரோடு உட்கார்ந்திருந்தேன். சேவைத் தரம் பற்றி நான் ஏதோ சொல்ல, அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். கண்காணிப்பாளர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு பெண், சோறு பட்ட கையைக் கழுவக்கூட நேரமில்லாமல் விரல்களை மடக்கிக்கொண்டு நின்றாள்.

"மன்னிக்கணும் மேடம். உங்க ரூம்ல ஒரு வயசானவங்க பாத்ரூம் தொடச்சிட்டிருக்காங்க. இந்தப் பொண்ணு சோபாவுல உக்காந்து சாப்பிடுது. பெரிம்மான்னு வேற கூப்பிடுது. சொந்தக்காரங்கள உள்ள கூட்டிட்டு வந்து வேலைய அவங்க தலையில கட்டிட்டா போலிருக்கு."

"இல்லீங்க சார்" என்றாள் அவள். "அவங்க மேடத்தோட அம்மாங்க."

விற்பனை மேலாளர் சிரித்துவிட்டார். "மேடத்தோட அம்மா? அவங்க பாத்ரூம் தொடைக்கிறாங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை நான் யோசித்துச் சிரிக்கவில்லை. அதற்குப் பின் சொன்னதை யோசித்துத்தான் சொன்னேன். முதலில், தெரியாதவர் என்று சொன்னால் அம்மாவை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். அப்புறம், அம்மா என்று சொன்னால் இந்த மனிதரின் சிரிப்பு என்னவாக மாறும் என்று பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் கிடைத்தது.

"ஊர்லேருந்து என்கூட வந்தவர். வீட்டு வேலைக்கு உதவியா இருக்கிறவர்."

வந்தவர். இருக்கிறவர். பிறந்ததிலிருந்து வாடி, போடி என்று சண்டை போட்டு, மடியில் படுத்து, நீ என்றே அழைத்து வளர்ந்த என் அம்மாவுக்கு அன்றுதான் முதன்முதலாக 'ர்' போட்டுப் பேசினேன்... அத்தனை மரியாதை!

கண்காணிப்பாளரின் முகம் மாறியது. "அப்போ இன்னும் மோசம். விருந்தாளியோட வந்தவங்கள வேலை வாங்கியிருக்கா. போதாததுக்குப் பொய் வேற" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். என் முகவாய் அப்படியே அம்மாவின் முகவாய். எங்கள் தெருவில் யாரும் சொல்வார்கள். சற்று முன்புதான் அந்த முகத்துக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவள் அவள். தெரியாமலா இருந்திருக்கும்? 'நல்லாப் பாருங்க சார், ரெண்டும் ஒரே மூஞ்சி' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். எனக்காகத்தான் கூச்சப்பட்டாள் என்று இப்போது நினைக்கிறேன். அன்று, தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அறைக்குத் திரும்பியபோது அம்மா கட்டிலின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். "அந்தப் புள்ளய திட்டுவாங்களா பாப்பா? நாந்தான் ஒக்கார வெச்சேன்னு சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"நல்லா எழுதிடு. பாவம், பசி தாங்காத புள்ள."

"எழுதறேன்மா."

அன்று மாலை முழுவதும் எனக்கு நேரம் இருந்தது. அறையில் தொலைபேசி இருந்தது. எடுத்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த வாக்கியத்தை இன்றுவரை எத்தனை விதமாகவோ அமைத்துப் பார்த்துவிட்டேன். எப்படி அமைத்தாலும் மூன்றே சொற்கள்தான் வருகின்றன: அவள் என் அம்மா.

மறுநாள் காலையில் நாங்கள் கிளம்பும்போது விற்பனை மேலாளர் வாசல்வரை வந்தார். "அந்தப் பொண்ண நேத்தே நிறுத்திட்டோம் மேடம். இனிமே இப்படி நடக்காது" என்று ஒரு பழக்கூடையைக் கொடுத்தார். தள்ளி நின்ற அம்மா கூடையைப் பார்த்துவிட்டு, "ஆப்பிள்லாம் குடுத்து அனுப்புறாங்க, நல்ல மனுசங்க" என்றாள். பேருந்தில் கூடையிலிருந்த ஆரஞ்சு ஒன்றை உரித்து எனக்குப் பாதி கொடுத்தாள்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. எந்த ஓட்டலைத் தேர்ந்தெடுத்தேன் தெரியுமா? அதையேதான். கடற்கரை ஓட்டலில் நான் எந்தப் புகாரும் செய்யவில்லை. ஆகவே புகாரை அவர்கள் எப்படிக் கையாள்வார்கள் என்று தெரியாது. இங்கே தெரிந்துவிட்டதல்லவா? குறை கண்டதும் உடனடி நடவடிக்கை என்று அலுவலகத்தில் எடுத்துச் சொன்னேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மேலாளர் கைகொடுத்தார்.

அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. தொலைபேசியில் பேசும்போதெல்லாம் கேட்பாள்: "அந்தப் புள்ளையப் பத்தி எழுதுனியா?" எழுதினேன் என்பேன். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டாள்.

பிறகு ஒருநாள் அவளே அழைத்தாள். குரலில் ஒரே சந்தோஷம். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் யாரோ "பெரிம்மா" என்று ஓடிவந்து கையைப் பிடித்தார்களாம்.

"நம்ம கோகிலா! ஊருக்கே வந்துட்டாளாம். இங்க துணிக்கடையில நிக்கிறாளாம். எம் பொண்ணு உன்னப் பத்தி நல்லா எழுதுனாளான்னு கேட்டேன் பாப்பா."

தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இன்னா சொன்னா?"

"ரொம்ப நல்லா எழுதுனாங்க பெரிம்மா, எனக்குத்தான் அந்த ஊரு ஒத்துக்கல, வந்துட்டேன்னா. வூட்டுல வெளஞ்சதுன்னு சாம குடுத்தா. ஊருக்கு வா, பொங்கித் தரேன்."

என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு அங்கே என்ன தடை? என் பொய்யை அவள் ஏன் தூக்கிச் சுமந்தாள்? எனக்காக இல்லை. அது நிச்சயம். புளிச்சோறு போட்டவளின் முகத்துக்காக.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். அம்மாவிடம் தோழியைப் பார்க்க என்று சொல்லிவிட்டு, கள்ளக்குறிச்சித் துணிக்கடைகளில் விசாரித்தேன். ஒரு கடையில், இன்று விடுப்பு, மலைக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். முதலில் மன்னிப்பு. அப்புறம் வேலை... வேறொரு ஓட்டலில் சொல்லி வாங்கித்தரலாம். எதைச் சொல்லவேண்டும், எதைச் சொல்லக்கூடாது என்று அதிலும் வரிசை.

இறங்கிய இடத்தில் ஒரு டீக்கடை. கேட்டேன்.

"எந்தக் கோகிலா? மெட்ராசு ஓட்டல்ல இருந்துட்டு வந்துச்சே, அதுவா?" என்றார் கடைக்காரர். "வூட்டுல இருக்கும். தோ, அந்த மேட்டுல ஏறுனீங்கன்னா மூணாவது. நீங்க யாருங்க? அதுக்கு நீங்க இன்னா வேணும்?"

சாதாரணக் கேள்வி. ஊர்ப்பக்கம் யாரும் யாரையும் கேட்பது. அவளுக்கு என் அம்மா பெரியம்மா. அப்படியானால் நான் அக்கா. அவ்வளவுதான் பதில். அந்தச் சொல்லை என் அம்மா அந்த அறையிலேயே எனக்காகச் சம்பாதித்து வைத்திருந்தாள்.



"ஒண்ணும் இல்லைங்க. சும்மா... தெரிஞ்சவங்க" என்றேன்.

மூன்றாவது வீடு அங்கிருந்தே தெரிந்தது. வாசலில் ஏதோ காயப்போட்டிருந்தார்கள். அந்தப் பேருந்தே திரும்பிக் கீழே போகும் என்று நடத்துனர் குரல் கொடுத்தார். ஏறி உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சாமைச் சோறு பொங்கி, கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அறுவைக்குப் பிறகு அவளுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னா பாப்பா, மூஞ்சி வாடிக் கெடக்குது. ஒக்காரு. அந்தப் புள்ள குடுத்த சாமதான், சாப்புடு."

உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்... ருசியாக இருந்தது. அதையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும்.